இயற்கைக் காப்பிடங்களில் நம் கைத்தொண்டு



கைமுதலைத் தின்று தீர்ப்பவன் வணிகன் அல்லன். கைமுதலைக் காத்து, அதன் வருவாயில் வாழ்பவனே வணிகன். இதை நமக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்த முதல் நாளிலேயே நாம் கற்ற பாடம் இது. ஆனால் கடைக்குள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் இப்பாடத்தை, கடைக்கு வெளியே, நாம் வாழும் நாட்டின் காட்டுக்கும் கரைக்கும் நீருக்கும் பொருத்திப் பார்க்கிறோமா? அதை ஆராய்ந்து, நம் கைகளால் ஆகக்கூடிய தொண்டு யாது என்று அறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. கைமுதலைத் தின்ற கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூரின் காடுகள் பெரும்பாலும் மிளகுக்காகவும் காம்பியருக்காகவும் வெட்டப்பட்டன. காம்பியர் இலையைக் காய்ச்சி எடுக்கும் சாறு, தோல் பதனிடுவதற்கு உலகச் சந்தையில் நல்ல விலைக்குப் போயிற்று. காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். விறகுக்கு மேலும் காடு வெட்ட வேண்டும். சில ஆண்டுகளில் மண்ணின் சத்து போயிற்று, விறகும் தீர்ந்தது. தோட்டக்காரர்களில் பலர் ஜொகூருக்குப் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற இடம் லாலாங் புல் மண்டிய வெறுந்தரையாகக் கிடந்தது.

இந்த நிலையைக் கண்டு நதானியல் கான்ட்லி என்னும் அதிகாரி அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1883ஆம் ஆண்டில் புக்கிட் தீமா வனக் காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. அன்று ஒதுக்கியதால்தான் இன்று ஏறக்குறைய 163 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காப்பிடத்தில் பழங்காட்டின் ஒரு பகுதி எஞ்சி நிற்கிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று பேராக் மாநிலத்திலே இருக்கிறது. மாத்தாங் அலையாத்திக் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டேர் பரப்புள்ளது. கரிக்கும் கம்பத்துக்கும் மரம் வெட்டும் காடு அது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கணக்கு வைத்து, பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை வெட்டினால் ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்தே மீண்டும் அங்கே கோடரி வைப்பது என்ற முறையில் நடத்தி வருகிறார்கள். முன்னவர்கள் கைமுதலைத் தின்றார்கள். இவர்கள் கைமுதலை வைத்துக்கொண்டு வருவாயை எடுத்தார்கள். வேற்றுமை அவ்வளவே.

2. எல்லை வகுத்தால் போதுமா?

இன்று சிங்கப்பூரில் சட்டப்படி காக்கப்படும் இயற்கைக் காப்பிடங்கள் நான்கு: புக்கிட் தீமா, நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த மத்திய நீர்ப்பிடிப்புக் காடு, லாப்ரடார், சுங்கை பூலோ ஈரநிலம். இவற்றைத் தேசியப் பூங்காக் கழகம் பராமரித்து வருகிறது. அரசாங்கம் எல்லை வகுத்துச் சட்டமும் இயற்றிவிட்ட பின் நமக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும்.

கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டால் சரக்கைக் கரையான் அரிக்காதா? பூட்டு திருடனைத் தடுக்கும், கரையானைத் தடுக்காது. சட்டமும் அப்படித்தான். மரம் வெட்டுபவனை அது தடுக்கும். ஆனால் கடல் அலை கொண்டுவந்து ஒதுக்கும் பிளாஸ்டிக்கையும், வேற்று நாட்டிலிருந்து வந்து மரங்களை மூடும் கொடியையும், கரையோரத்தில் கைவிடப்பட்ட வலையையும் சட்டப் புத்தகம் அகற்றாது. அவற்றைக் கைகள்தாம் அகற்ற வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்யும் கைகள் இருக்கின்றன. ஆனால் வேலையின் அளவுக்கு அவை போதா. அந்த இடைவெளியை நிரப்புவதே தொண்டரின் பணி.

3. தொண்டின் வகைகள்

முதலாவது, கொடி களைதல். நம் ஊர்க் காய்வள்ளியை அறியாதார் இல்லை. அதே இனத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கக் கொடி ஒன்று, சான்சிபார் வள்ளி என்பது, சிங்கப்பூரின் காட்டோரங்களில் பரவியிருக்கிறது. அது மரத்தின் மேல் ஏறி, அகன்ற இலைகளால் உச்சியை மூடி, வெயில் படாமல் செய்துவிடும். கொடியில் காய்க்கும் சிறு கிழங்கு ஒன்று கீழே விழுந்தாலும் புதுக் கொடி கிளம்பும். ஆகவே கொடியை இழுத்துப் போட்டால் மட்டும் போதாது. கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் இட்டு அப்புறப்படுத்த வேண்டும். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த மிக்கானியா என்னும் கொடியும் இத்தகையதே. நாளொன்றுக்குச் சில அங்குலம் வளரும் பகைவனை ஆண்டுக்கு ஒருமுறை சென்று வெல்ல இயலாது. மீண்டும் மீண்டும் அதே இடத்துக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, கரை துப்புரவு. அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் 1986ஆம் ஆண்டு தொடங்கிய பன்னாட்டுக் கரை துப்புரவு இயக்கம், 1992 முதல் சிங்கப்பூரிலும் நடைபெற்று வருகிறது. இதில் நாம் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. தொண்டர்கள் குப்பையை அள்ளுவதோடு நிற்பதில்லை. எத்தனை பை, எத்தனை புட்டி, எத்தனை உறிஞ்சுகுழல், எத்தனை சிகரெட் துண்டு என்று எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னார்கள். இவர்கள் கடலிலிருந்து எடுப்பதையும் அளந்து எடுக்கிறார்கள். எது மிகுதியாக வருகிறது என்று கணக்கு இருந்தால்தான், எங்கே தடுப்பது என்று தெரியும்.

மூன்றாவது, சேற்றுவெளியைப் பேணுதல். சுங்கை பூலோ முன்னாளில் இறால் பண்ணைகள் இருந்த இடம். அந்தக் குளங்களின் மதகுகளை இன்றும் திறந்தும் அடைத்தும், வலசைப் பறவைகள் இரை தேடுவதற்கு வேண்டிய சேறு வெளிப்படும்படி நீரின் மட்டத்தைச் சீர் செய்கிறார்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரையில் சைபீரியா முதலிய வடதிசை நாடுகளிலிருந்து உள்ளான் இனப் பறவைகள் அங்கே வந்து இறங்குகின்றன. திறந்த சேற்றில் செடிகள் அடர்ந்துவிட்டால் அவற்றுக்கு இரை கிட்டாது. ஆகவே, சேற்றில் முளைக்கும் கன்றுகளைச் சில இடங்களில் பிடுங்குவதும் காப்புப் பணியாகிறது. மரம் நடுவதே நன்மை, பிடுங்குவது தீமை என்று பொதுவாக எண்ணியிருப்போருக்கு இது வியப்பாக இருக்கும். எந்த இடத்தில் எது வேண்டும் என்பதை அறிந்தவர் சொற்படி செய்வதே முறை.

நான்காவது, சிக்கிய உயிர்களை விடுவித்தல். சிங்கப்பூரின் வட கரையில், கிராஞ்சி, மண்டாய்ப் பகுதிகளின் சேற்றில், மலாய்க்காரர் பெலாங்காஸ் என்றழைக்கும் லாட நண்டு வாழ்கிறது. கைவிடப்பட்ட வலைகளில் இவை சிக்கி மடிகின்றன. சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தின் தொண்டர்கள் நீர் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கி, வலையை அறுத்து, நண்டை அளந்து குறித்துக்கொண்டு, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். இந்தத் தொண்டுக்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை.

ஐந்தாவதே மரம் நடுதல். சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், பத்தாண்டுகளில் பத்து லட்சம் மரம் நடும் இயக்கம் தொடங்கப்பட்டது. பொதுமக்கள் இதில் பெருவாரியாகக் கலந்துகொள்கிறார்கள். நடுவதை ஏன் கடைசியில் வைத்தோம் என்பதை அடுத்த பகுதி விளக்கும்.

4. நடுமுன் அறிய வேண்டியது

நம்மில் பலருக்கு முத்துப்பேட்டையும் அதிராம்பட்டினமும் முன்னோர் ஊர். அந்தக் கரையிலே, கோரையாறு முதலிய ஆறுகள் கடலில் கலக்கும் இடத்திலே, தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திக் காடு இருக்கிறது. சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரத்தில் இன்னொன்று. இவ்விரண்டு காடுகளும் நமக்குக் கற்பித்த பாடம் உலகம் அறிந்தது.

முற்காலத்தில் இக்காடுகளைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். மரம் போனதும் வெயில் நேராக மண்ணில் பட்டது. மண் உலர்ந்து தாழ்ந்து, தட்டுப்போலக் குழிந்தது. அலை ஏறும்போது உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தங்கி, வெயிலில் வற்றி, உப்பு மிகுந்தது. அந்த உப்பில் எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. எத்தனை முறை நட்டாலும் பட்டுப்போயிற்று.

1990களில் மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். நடுவிலே ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள் என்று மீன்முள்ளைப் போல வெட்டினார்கள். அலை ஏறினால் நீர் உள்ளே வந்தது, இறங்கினால் வெளியே சென்றது. உப்பு கழுவிச் செல்லப்பட்டது. அதன் பிறகே கன்று நட்டார்கள், காடும் மீண்டது. நோயறிந்து மருந்து கொடுத்தால்தான் குணமாகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவிலும் கைவிடப்பட்ட பழைய பண்ணைக் குளங்களில் அலையாத்திக் காட்டை மீட்கும் பணியில் தொண்டர்கள் இதே கொள்கையைத்தான் பின்பற்றுகிறார்கள். நீரின் போக்கைச் சீர் செய்தால், தாய் மரத்திலேயே முளைத்து நீரில் மிதந்து வரும் கன்றுகள் தாமே வந்து வேரூன்றும். நீரின் போக்கு சரியில்லாத இடத்தில் ஆயிரம் கன்று நட்டாலும் அது கிழிந்த சாக்கில் அரிசி அளந்து போடுவதாகும்.

இந்தக் காடு காப்பாற்றப்படுவதால் யாருக்கு இலாபம்? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியபோது, கடலூர் மாவட்டத்தில் மரங்களின் பின்னால் இருந்த கிராமங்கள், மரமற்ற கரையிலிருந்த கிராமங்களைவிடக் குறைந்த சேதமே அடைந்தன என்று ஆராய்ச்சியாளர் 2005இல் எழுதினர். மீனும் நண்டும் இறாலும் குஞ்சு பொரித்து வளரும் தொட்டிலும் இதுவே. சிங்கப்பூரிலோ, ஒரு காலத்தில் நிலப்பரப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பங்காக இருந்த அலையாத்திக் காடு, இன்று நூற்றுக்கு ஒரு பங்கு என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. மிச்சமிருக்கும் அந்த ஒரு பங்குதான் நம் கைமுதல்.

5. சிறு கூட்டத்தால் ஆவதென்ன?

1986ஆம் ஆண்டில், அன்றைய மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர் சிலர் சுங்கை பூலோவின் சிறப்பைக் கண்டறிந்தனர். அவர்கள் வெறுமனே வருந்திக்கொண்டு இருக்கவில்லை. விவரம் தொகுத்து, எழுதி, அரசாங்கத்தின் முன் வைத்தனர். 1989இல் 87 ஹெக்டேர் நிலம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. 2002 ஜனவரி முதல் நாள் 130 ஹெக்டேர் பரப்புள்ள இயற்கைக் காப்பிடமாகச் சட்டத்தில் பதிவாயிற்று. சில பேருடைய பொறுமையான வேலைக்குப் பதினாறு ஆண்டில் கிடைத்த பலன் இது.

புலாவ் உபினின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவாவின் கதையும் இத்தகையதே. 2001ஆம் ஆண்டில் அந்தக் கரை நிலமீட்புக்காக மூடப்பட இருந்தது. அங்கே என்னென்ன உயிர்கள் உள்ளன என்று தொண்டர்கள் நீர் வற்றிய நேரங்களில் சென்று கணக்கெடுத்தனர். பொதுமக்களும் திரளாகச் சென்று பார்த்தனர். நிலமீட்புத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2007இல் அங்கே மரப்பாலம் திறக்கப்பட்டு, இன்று குடும்பங்கள் சென்று காணும் இடமாயிற்று. இவ்விரு கதைகளிலும் வென்றது உரத்த குரலன்று, சரியான கணக்கு. கணக்கு நம் தொழில் அல்லவா?

மலேசியாவிலும் இவ்வழி திறந்தே இருக்கிறது. 1940இல் தோன்றிய மலாயா இயற்கைச் சங்கம் இன்று மலேசிய இயற்கைச் சங்கமாகத் திகழ்கிறது. 1987இல் அமைந்த கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் வளர்ச்சியில் அச்சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. பினாங்கில் கரையோர மீனவர்களே சங்கம் அமைத்து, பல்லாண்டுகளாக அலையாத்திக் கன்றுகளை நட்டு வருகிறார்கள்.

6. வணிகர் எழுப்பும் ஐயங்கள்

"நாங்கள் நன்கொடை தருகிறோமே, அது போதாதா?" என்பது முதல் ஐயம். நன்கொடை வேண்டும்தான். கையுறை, அரிவாள், படகு, வாகனம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஆனால் பணம் கொடுப்பவர் ரசீதைத்தான் பார்க்கிறார். கரையில் நிற்பவர்தான் நிலைமையைப் பார்க்கிறார். கரையில் எண்ணப்படும் பொருள்களில் பையும் புட்டியும் உறிஞ்சுகுழலும் நுரைப்பெட்டியும் முன்வரிசையில் இருக்கின்றன. இவையனைத்தும் ஏதோ ஒரு கடையின் மேசையைத் தாண்டி வந்தவை. சேற்றிலிருந்து ஒரு பையை உருவி எடுத்தவர், மறுநாள் தம் கடையில், ஒரு சோப்புக்கட்டிக்கும் பை எடுத்துக் கொடுக்கும்போது சற்றே நிதானிப்பார். சிங்கப்பூரில் 2023 ஜூலை 3ஆம் நாள் முதல் பெரிய பேரங்காடிகள் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சிறு கடைகளுக்கு அந்தக் கட்டாயம் வைக்கப்படவில்லை. கட்டாயமில்லாத இடத்தில் நாமே முன்வந்து செய்வதுதான் பெருமை.

"எங்களுக்கு ஓய்வே இல்லையே" என்பது இரண்டாம் ஐயம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சங்கத்தில் 40 கடைகள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு இருவர், ஆண்டுக்கு நான்கே முறை, முறைக்கு மூன்று மணி நேரம் வந்தால், மொத்தம் 960 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு நாள் வேலை என்று கொண்டால் 120 ஆள் நாள். ஒருவருக்கோ ஆண்டில் பன்னிரண்டு மணி நேரம்தான். சிறு துளி பெருவெள்ளம் என்பது இதுவன்றோ?

"இது படித்தவர்களின் பொழுதுபோக்கு, நமக்கெதற்கு?" என்பது மூன்றாம் ஐயம். கொடி இழுக்கவும் குப்பை எண்ணவும் பட்டம் தேவையில்லை. கம்பத்துக் காலத்தில் கோத்தோங் ரோயோங் என்று சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் சேர்ந்து வாய்க்கால் வெட்டியது முதியோர் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதே பழக்கத்தின் தொடர்ச்சிதான் இது. கடைச் சிப்பந்திகளும் முதலாளிமாரும் ஒரே சேற்றில் நின்று வேலை செய்வதால் விளையும் நல்லுறவும் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

7. கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள்

அ. தாமாகக் காப்பிடத்துக்குள் சென்று எதையும் வெட்டவோ பிடுங்கவோ கூடாது. சிங்கப்பூரில் இதற்கு 50,000 வெள்ளி வரை அபராதமோ சிறையோ உண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின் வழியாகவோ, அதனோடு சேர்ந்து பணியாற்றும் சங்கங்களின் வழியாகவோதான் செல்ல வேண்டும்.

ஆ. காட்டு விலங்குக்கு உணவிடுவதும், வளர்த்த மீனையோ பறவையையோ அங்கே கொண்டு விடுவதும் தொண்டல்ல. இவையும் தண்டனைக்குரிய குற்றங்கள்.

இ. கரைப் பணிக்கு முன் அலை ஏறி இறங்கும் நேர அட்டவணையைப் பார்க்க வேண்டும். நீர் ஏறும் வேளையில் சேற்றில் நிற்பது ஆபத்து. இடி மின்னல் கண்டால் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

ஈ. மூடிய காலணி, முழுக்கைச் சட்டை, கையுறை, குடிநீர் ஆகியவை கட்டாயம். சேற்றில் ஒருவர் சென்ற தடத்திலேயே மற்றவரும் செல்க; நூறு தடம் பதித்தால் நூறு முளை மிதிபடும்.

உ. அடையாளம் தெரியாத செடியைத் தொடாமல், வழிநடத்துபவரைக் கேட்க வேண்டும். கேட்பதில் இழுக்கில்லை.

ஊ. ஒருமுறை சென்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைவிட, ஒரே இடத்தை ஏற்றுக்கொண்டு ஆண்டு முழுதும் செல்வது நூறு மடங்கு நன்று. நட்ட மரத்துக்குப் பெயர்ப்பலகை கிடைக்கும். களை பறித்த கைக்குப் பெயர் கிடைக்காது. ஆனால் மரம் பிழைத்திருப்பது அந்தக் கையால்தான்.

8. இனி நாம் செய்ய வேண்டியது

வருகிற செயற்குழுவில் இதனை ஒரு பொருளாக வைத்து விவாதிக்கலாம். ஓர் இடத்தைத் தேர்ந்து, நான்கு தேதிகளைக் குறித்து, ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்தல் முதற்படி. வந்தவர் எத்தனை பேர், எடுத்த குப்பை எத்தனை கிலோ, களைந்த கிழங்கு எத்தனை பை என்று ஒரு பேரேடு வைத்தல் இரண்டாம் படி. ஆண்டு முடிவில் அந்தப் பேரேட்டை, வரவு செலவுக் கணக்கை வாசிக்கும் அதே பொதுக்கூட்டத்தில் வாசித்தல் மூன்றாம் படி.

இந்த நாடு நமக்குத் தொழில் கொடுத்தது, தண்ணீர் கொடுத்தது, பிள்ளைகளுக்குப் பள்ளி கொடுத்தது. அந்தத் தண்ணீரை ஏந்தி நிற்கும் காட்டுக்கு ஆண்டில் பன்னிரண்டு மணி நேரம் கொடுப்பது தானம் அன்று. நெடுநாளாக நம் பெயரில் நிற்கும் பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ப்பதே ஆகும்.

படிப்பு வட்டங்களில் ஆராய்வதற்குச் சில வினாக்கள்

1. காம்பியர்த் தோட்டக்காரர்களும் மாத்தாங் காட்டை நடத்துபவர்களும் எவ்விதத்தில் வேறுபட்டனர்?
2. கன்று நடுவதற்கு முன் நீரின் போக்கைச் சீர் செய்ய வேண்டியது ஏன்?
3. சேற்றுவெளியில் கன்றுகளைப் பிடுங்குவது எப்போது காப்புப் பணியாகும்?
4. உங்கள் கடையிலிருந்து ஒரு வாரத்தில் எத்தனை பிளாஸ்டிக் பைகள் வெளியே செல்கின்றன? அவற்றில் எத்தனையைத் தவிர்க்கலாம்? எண்ணிக் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வருக.